உட்கார்ந்தவன் கோட்டும் நடந்தவன் கம்பளியும்



போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் போன் செய்தான். இந்தப் புரட்டாசியில் அவனும் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரும் எங்கள் திருத்தணியில் வந்து இறங்கி, தணிகை முருகனைக் கும்பிட்டுவிட்டு, இங்கிருந்து திருமலைக்கு நடக்கப் போகிறார்களாம். "தாத்தா, ஒரு ரெயின் ஜாக்கெட் பார்த்து வெச்சிருக்கேன். பதினாலாயிரம் ரூபாய். வாங்கலாமா?" என்று கேட்டான்.

1974-இல் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது ஒரு வருஷச் சம்பளத்தை மொத்தமாகக் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. ஆனால் அதற்காக நான் தயங்கவில்லை. அதே 1974 புரட்டாசியில், அதே சாலையில், ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நானும் நடந்தேன். அந்தக் கதையை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. "ரெண்டு நாள் பொறு, எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி வைத்தேன். அவனுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். இந்தச் சாலையில் நடந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும்.

முதலில் சாலையும் மழையும். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர், வடமாலைப்பேட்டை வழியாகத் திருப்பதி சுமார் 70 கி.மீ. பிறகு அலிபிரியில் தொடங்கும் 3,550 படிகள். எங்கள் தணிகை மலையின் 365 படிகளை இதற்கு ஒரு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம். புரட்டாசியில் வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. பகல் முழுக்க வெயில் காயும், புழுக்கம் தாங்காது. மூன்று மணிக்கு மேல் நகரி மலையின் மூக்கில் கருமேகம் வந்து உட்காரும். அந்த மூக்கை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அந்தக் காலத்தில் கடலில் வரும் கப்பல்காரர்களுக்கே அது அடையாளம். சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மறுபடியும் புழுக்கம். ஆக, இந்தச் சாலையில் நடப்பவனுக்கு எதிரி குளிர் அல்ல. மேலே இருந்து விழுகிற தண்ணீர் ஒன்று, உடம்பிலிருந்து வருகிற தண்ணீர் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் அவன் போட்டிருக்கும் உடுப்பு இருக்கிறது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். தமிழ் எனக்குக் காதால் வந்தது. கையால் எழுதப் பழகியது பதினெட்டு வயதுக்கு மேல். எங்கள் மிஸ்யே ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு வார்த்தை எழுதினார். ஒன்று பாராசோல், இன்னொன்று பாராப்ளுயி. முன்னது வெயிலைத் தடுப்பது, பின்னது மழையைத் தடுப்பது. "தமிழில் எப்படி?" என்று கேட்டார். "இரண்டுக்கும் குடைதான் மிஸ்யே" என்றோம். "அப்படியானால் உங்கள் ஊரில் மழையும் வெயிலும் ஒன்றா?" என்று சிரித்தார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிற்காலத்தில் தமிழ் படித்தபோது தெரிந்தது. கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில் உறியில் கரகமும் தோளில் முக்கோலுமாக நெடுவழி நடக்கும் அந்தணர்கள் குடை நிழலில் வருகிறார்கள். அந்தக் குடை வெயிலுக்குத்தான். நடப்பவன் கையில் குடை என்பது நம் நாட்டில் அவ்வளவு பழசு. வாமன மூர்த்தி கையிலும் ஓலைக்குடைதானே?

ஐரோப்பாவில் ஆண்கள் குடை பிடிக்க ரொம்ப காலம் வெட்கப்பட்டார்கள். பாரிஸில் ழான் மாரியுஸ் என்பவர் மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளும் குடையைச் செய்து, 1710 முதல் ஐந்து வருஷத்துக்கு ராஜாவிடமிருந்து தனி உரிமை பெற்றார். லண்டனில் ஜோனாஸ் ஹான்வே என்பவர் 1750-களில் குடையோடு தெருவில் நடந்தபோது வண்டிக்காரர்கள் கேலி செய்தார்களாம். காரணம் வேறொன்றுமில்லை, மழை பெய்தால்தானே அவர்களுக்கு சவாரி! 1852-இல் சாமுவேல் ஃபாக்ஸ் எஃகுக் கம்பியைப் பள்ளம் விழ வளைத்துக் குடைக்கம்பி செய்தார். கனம் குறைந்தது, விலையும் இறங்கியது. நம் ஊர் வாத்தியார், கணக்குப்பிள்ளை, தபால்காரர் கைகளில் தொங்கிய கறுப்புத் துணிக்குடை அந்த வம்சம்தான்.

அதற்கு முன்பும் நம் ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டு சும்மா நிற்கவில்லை. பனையோலைக் குடை இருந்தது. வயலில் இரண்டு கையும் வேண்டியவர்களுக்குக் கொங்காணி இருந்தது. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கோணிச் சாக்கின் அடிமூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் செருகினால் தலைக்குக் குல்லாய் மாதிரி ஆகிவிடும். மிச்சச் சாக்கு முதுகில் தொங்கும். முன்பக்கம் திறந்தே இருக்கும். குனிந்து நாற்று நட்டாலும் மழை முதுகில்தான் விழும், காற்று மார்பில் புகுந்து வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் ஆட்டு இடையர்கள் போர்த்தும் கம்பளிக்குக் கொங்கடி என்று பெயர். எல்லையில் இருக்கும் எங்களுக்கு இரண்டு பெயரும் ஒன்று மாதிரிதான் காதில் விழும். அதையும் அவர்கள் தலையில் குல்லாய் போல மடித்துத்தான் மழைக்குப் போடுவார்கள்.

கம்பளியின் சூட்சுமம் என்னவென்றால், ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ரோமத்தில் இயற்கையாக உள்ள கொழுப்பு மேலே விழும் துளியை உருட்டி விடும். நன்றாக நனைந்த பிறகும் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். குறை இல்லாமல் இல்லை. கனம், குத்தல், நனைந்தால் இன்னும் கனம், காய இரண்டு நாள். ஆனாலும் நம் நாட்டில் நெடுந்தூரம் நடந்தவர்களின் மழை உடுப்பு என்றால் அது கம்பளிதான். வெள்ளைக்காரர்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் அதைக் 'கம்ப்ளி' என்றே எழுதினார்கள்.

அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு துயரமும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கங்காணிகளோடு கிளம்பின. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை 200 கி.மீ.க்கும் மேல் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியோரத்தில் மடிந்தவர்கள் ஏராளம். பிழைத்துத் தோட்டம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். மலைக்குளிருக்கும் ஓயாத மழைக்கும் அதுதான் காப்பு. ஆனால் அது இனாம் அல்ல. விலை அவர்கள் கூலியில் பிடிக்கப்பட்டது. முதல் நாளே கடன்! நம் ஜனங்களில் அதிக தூரம் நடந்தவர்களுக்கு மழைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், கடனில் ஒரு கம்பளி என்றுதான் சரித்திரம் பதில் சொல்கிறது.

இப்போது கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1735-இல் பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவுக்குப் போன குழுவில் லா கோந்தமீன் என்ற அறிஞர் இருந்தார். அங்குள்ள பூர்வகுடிகள் ஒரு மரத்தின் பாலைக் காய்ச்சித் தண்ணீர் புகாத பொருள்கள் செய்வதைப் பார்த்து, 1736-இல் பாரிஸ் அகாதெமிக்கு மாதிரி அனுப்பினார். அதுதான் ரப்பர். பிரெஞ்சில் இன்றும் அதற்குக் கவுச்சூக் என்றே பெயர். அந்த ஊர்ப் பாஷையில் அழும் மரம் என்று பொருள் சொல்வார்கள். கயேனில் வேலை பார்த்த ஃப்ரெனோ என்ற எஞ்சினீயர் அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். காய்ந்த ரப்பரை டர்பென்டைனில் கரைக்கலாம் என்பதும் அவர் கண்டதே.

கோட்டாக்கிய பெருமை ஸ்காட்லாந்துக்காரருக்குப் போய்விட்டது. கிளாஸ்கோவில் சார்லஸ் மாக்கின்டாஷ் 1823-இல் காப்புரிமை வாங்கினார். நிலக்கரித் தாரிலிருந்து வரும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் தடவி ஒட்டினார். தண்ணீர் புகவில்லை. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றம் வேறு. பிறகு அமெரிக்காவில் குட்இயரும் இங்கிலாந்தில் ஹான்காக்கும் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பக்குவப்படுத்தும் வழியைக் கண்டார்கள். 1843, 1844-இல் அவரவர் நாட்டில் காப்புரிமை வந்தது. பிசுபிசுப்பு போனது. ஆனால் வேர்வை மட்டும் எங்கேயும் போக வழியில்லை. அந்தக் கோட்டை ஆசையாக வாங்கியவர்கள் குதிரை வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள். அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்திராது.

நம் நாட்டிலும் சுதேசி ரப்பர் கோட்டு வந்தது. சுரேந்திர மோகன் போஸ் என்ற தேசபக்தர் 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் 'டக்பேக்' கோட்டையும் பள்ளிப் பையையும் நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இருந்தது சைகோன் கோட்டு. அப்பா பிரெஞ்சு அரசாங்க வேலையில் சைகோனில் இருந்தவர். புதுச்சேரியிலிருந்து அப்படிப் போனவர்கள் அநேகம். 1955-இல் திரும்பி வந்தபோது அவர் பெட்டியில் ஒரு கனத்த கோட்டு இருந்தது. வெளியே தேன் நிறத் துணி, உள்ளே ரப்பர். அம்பெர்மெயாப்ல் என்று அப்பா முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் மழை கட்டிக்கொண்டு பெய்யும்போது அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுவார். சைகோனில் சிக்ளோ ஓட்டுபவர்கள் ஓலைத் தொப்பியும் ஓலை மேலங்கியும் போட்டிருப்பார்கள் என்று கதை சொல்வார். அதைக் கேட்டபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது: மிதித்தவன் ஓலையில் இருந்தான், உட்கார்ந்தவன் ரப்பரில் இருந்தான்.

1967-இல் அப்பா தவறிவிட்டார். அம்மாவின் ஊரான திருத்தணிக்கு வந்து சேர்ந்தோம். பிரெஞ்சு படித்த பையனுக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்? தமிழை உட்கார்ந்து படித்தேன், தட்டச்சு படித்தேன், தேர்வு எழுதினேன். "இவனுக்கு சர்க்கார் வேலை கிடைத்தால் நடந்தே மலைக்கு வருகிறோம்" என்று அம்மா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். 1974-இல் உத்தரவு வந்தது. அதற்குள் அம்மாவுக்கு மூட்டுவலி. வாசற்படி இறங்கவே சிரமம். "நீ நட, நான் நடந்த மாதிரி" என்றாள். துணைக்கு பொதட்டூர்பேட்டையில் தறி நெய்துகொண்டிருந்த தாய்மாமா வந்தார்.

நான் அப்பா கோட்டை எடுத்துக்கொண்டேன். மாமா தோளில் மடித்த கறுப்புக் கம்பளி. கோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நகரி தாண்டிச் சிறு தூறல். கோட்டை மாட்டினேன். அப்பாவே கூட வருகிற மாதிரி ஒரு நினைப்பு. ராத்திரி ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தோம். இரண்டாம் நாள் சனிக்கிழமை விரதம். காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் வயிற்றில் இல்லை. புத்தூருக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது வானம் இடிந்து விழுந்தது. கோட்டின் பொத்தானையெல்லாம் கழுத்து வரை போட்டேன். அரைமணி நடந்திருப்பேன். முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்தது. கோட்டில் ஓட்டை விழுந்துவிட்டதென்று நினைத்தேன். ஓட்டை இல்லை, என் வேர்வை. உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. காது அடைத்தது, சாலை சாய்ந்தது. அப்படியே ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா திரும்பி ஓடி வந்தார். "மாப்ளே, கோட்டைக் கழட்டு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. "அப்பா கோட்டு மாமா" என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "உங்கப்பா இருந்திருந்தா அவரே கழட்டிப் போட்டிருப்பார்டா" என்று சொல்லி, அவரே பொத்தானைப் பிடித்து இழுத்தார். இரண்டு பொத்தான் தெறித்தது. காற்றுப் பட்டதும் முதலில் சுகமாக இருந்தது, பிறகு பல் கிட்டிப்போகிற மாதிரி நடுக்கம். உள்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வயிறு காலி, மழையோடு காற்று. மாமா என் சட்டையையும் உருவிவிட்டு, தன் கம்பளியைப் பாதி தனக்கும் பாதி எனக்குமாகப் போர்த்தினார். இடுப்பிலிருந்து வெல்லக்கட்டி எடுத்து வாயில் திணித்தார். "விரதம் மாமா" என்றேன். "சாமி கணக்குப் பார்க்க மாட்டார், மெல்லு" என்றார்.

நான் உட்கார்ந்திருந்தபோது அவர் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரை முழுக்க. அப்பா கோட்டைத் தரையில் விரித்தார். மாற்று வேட்டி இரண்டு, துண்டு, அம்மா முடிந்து கொடுத்த மஞ்சள் துணி எல்லாவற்றையும் அதில் வைத்து நாலாபக்கமும் மடித்து, கயிற்றால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "நனையாத கோட்டை உடம்புக்கு ஏன் போடறே? மூட்டைக்குப் போடு. நாம நனைஞ்சா காயலாம். மூட்டை நனைஞ்சா ராத்திரி எதைக் கட்டுவே?" என்றார். புத்தூர் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்து மூட்டையைப் பிரித்தோம். மடிப்புக் கலையாத வேட்டி, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டபோது வந்த சுகத்தை ஐம்பது வருஷத்தில் வேறு எந்த உடுப்பும் எனக்குத் தந்ததில்லை. மாமா என் இரண்டு உள்ளங்காலுக்கும் விளக்கெண்ணெய் தடவிவிட்டார். மூன்றாம் நாள் நல்லபடியாக மலை ஏறி, அம்மாவின் காசை உண்டியலில் போட்டோம்.

அன்று எனக்கு நடந்ததற்கு விளக்கம் எளிதுதான். வேகமாக நடக்கிற உடம்பு எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வேர்க்கும். அது ஆவியானால்தான் உடம்பு குளிரும். ரப்பருக்குள் ஆவியாக இடமில்லை. இதற்கு மாற்றுத் தேடித்தான் மேல்நாட்டார் நூறு வருஷமாகப் பாடுபடுகிறார்கள். தாமஸ் பர்பெரி 1879-இல் நெருக்கி நெய்த காபர்டீன் துணியைக் கொண்டு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் விமானிகளுக்காக 'வென்டைல்' என்ற பருத்தித் துணி நெய்தார்கள். நனைந்தால் நூல் உப்பித் தானே துளையை அடைத்துக்கொள்ளும். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், தோசை ஒட்டாத தவாவில் பூசுகிறார்களே அதே பொருளைச் சட்டென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாக்கினார். மழைத்துளி உள்ளே புக முடியாத அளவு சிறிய துளை, வேர்வை ஆவி வெளியே போகிற அளவு பெரிய துளை. பேரன் பார்த்து வைத்திருக்கும் ஜாக்கெட் அந்த ஜாதி.

அதில் '10,000 மி.மீ.' என்று போட்டிருப்பதைக் காட்டி, "பத்து மீட்டர் உயரத் தண்ணீரை நிறுத்தினாலும் உள்ளே போகாது தாத்தா" என்றான். உண்மைதான், அந்த எண்ணுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் அது வெளித்தண்ணீரின் கணக்கு. உள்தண்ணீரின் கணக்கு வேறு. ஆவி எப்போதும் ஈரம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். இமயமலையில் வெளிக்காற்று குளிர்ந்து வறண்டிருக்கும். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஆவி வெளியே ஓடும். புரட்டாசி சாயங்காலம் நகரி சாலையில் மழை பெய்யும்போது காற்றே ஈரத்தால் நிரம்பி நிற்கிறது. உள்ளே இருப்பது எங்கே போகும்? பதினாலாயிரம் ரூபாய்ச் சவ்வும் அங்கே அப்பா கோட்டுக்கு உறவுக்காரன் ஆகிவிடும். இமயமலைக்குப் போகிறாயா, தாராளமாக வாங்கு. திருமலைக்கு அது வேண்டாம் என்று எழுதினேன்.

அப்படியானால் என்னதான் எடுத்துப் போவது? பேரனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு நல்ல குடை. காற்று எல்லாப் பக்கமும் வரும், வெயிலுக்கும் ஆகும். மிஸ்யேயின் இரண்டு வார்த்தைக்கும் நம் ஒரே குடை போதும். காற்று பலமானால் குடை நிற்காது. அப்போது கொங்காணி மாதிரி தலை வழியாகப் போட்டு, பக்கமெல்லாம் திறந்து தொங்குகிற போன்ச்சோ. முதுகுப் பையையும் சேர்த்து மூடும், விலையும் சில நூறுதான். வயலில் இருப்பவர்கள் யூரியா மூட்டையின் உள்பிளாஸ்டிக்கை அறுத்துப் போட்டுக்கொள்வதும் இதே தத்துவம். உடம்பில் சீக்கிரம் காய்கிற மெல்லிய துணி. கனத்த ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறையில் ஒரு செட் உடுப்பு, துண்டு, காலுறை. ராத்திரி தங்கும் இடத்தில்தான் அந்த உறையைப் பிரிக்க வேண்டும். காலுக்கு எண்ணெய்.

எங்கள் காலத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். 1974-இல் அந்தச் சாலையில் கால்மணிக்கு ஒரு லாரி வந்தால் அதிகம். இன்று வரிசை ஓய்வதில்லை. குல்லாயை இழுத்து மூடினால் பின்னால் வரும் வண்டி காதில் விழாது, பக்கத்தில் வருவது கண்ணில் படாது. மழை இருட்டில் கறுப்பு ஜாக்கெட் போட்டவனை டிரைவருக்கும் தெரியாது. அதனால் வெளிர் மஞ்சளோ ஆரஞ்சோ, முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டையோடு வாங்கு. வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக நட. இடி இடித்தால் குடையை மடக்கிவிட்டு, மரத்தடிக்குப் போகாமல் ஏதாவது கட்டடத்துக்குள் போய் உட்கார். எந்த வேண்டுதலும் ஒரு மணி நேரம் தாமதமானால் கெட்டுப் போகாது. அலிபிரிப் படிக்கட்டில் இப்போது பெரும்பகுதி கூரை போட்டிருக்கிறார்கள். மழைக் கவலையெல்லாம் அடிவாரம் வரைதான்.

அப்பா கோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தபோது ரப்பர் உருகி மடிப்போடு மடிப்பு ஒட்டிப்போயிருந்தது. பிரிக்கப் பார்த்தேன், கிழிந்தது. மிச்சமிருந்த பொத்தான் நாலையும் அறுத்து எடுத்து வைத்துக்கொண்டு, கோட்டைப் போட்டுவிட்டேன். அம்மாவும் போய்விட்டாள். மாமா 1991-இல் காலமானார். கம்பளியை அவர் மகன் ரொம்ப நாள் தறிக்கூடத்தில் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தான்.

நேற்று ராத்திரி பேரன் மறுபடியும் போன் செய்தான். ஜாக்கெட் வாங்கவில்லையாம். ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு குடை, ஒரு மஞ்சள் போன்ச்சோ. "மிச்சப் பணத்துல என்ன தாத்தா பண்ணலாம்?" என்றான். "நானும் நகரி வரைக்கும் வரேன். எனக்கும் ஒரு போன்ச்சோ வாங்கு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மா திட்டும் தாத்தா" என்றான். திட்டட்டும். பதினைந்து கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் மழை வருவதற்குள் போய்விடலாம். வந்தால் நனைவோம். மாற்று வேட்டி மட்டும் உறைக்குள் பத்திரமாக இருக்கும்.